ஆசிரியர் மெழுகுதிரி அல்லர்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் 6 ஆந் திகதி நம் நாட்டில் ஆசிரியர் தினங் கொண்டாடப்படுகின்றது. உலகம் அதனை ஒருநாள் முந்தி, 5 ஆந் திகதியே கொண்டாடிவிடும். அன்று பாடசாலை மண்டபங்களிலே மாணவர் மாலையிடுவர். காலில் விழுந்து வணங்குவர். அழைக்கப்பெற்ற பெரியார் ஒருவர் எழுந்து பேசுவர். அவர் யாராயினும் ஆகுக, அவர் பேச்சின் நடுவே ஒரு மெழுகுதிரி எரியாமற் போவதில்லை. தம்மை உருக்கிப் பிறர்க்கு ஒளி கொடுப்பவர் ஆசிரியர் என்பர். சபை கைதட்டும். கைதட்டுவோருள் உருகிக்கொண்டிருப்பவர்களும் இருப்பர்.

இவ்வுவமை எனக்கு உடன்பாடன்று. அஃது அழகில்லாதது என்பதனாலன்று; பொருந்தாதது, அன்றியுந் தீங்கு பயப்பது என்பதனால். மெழுகுதிரிக்கு முடிவு ஒன்றே, எரிந்து தீர்வது. தீர்ந்தபின் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொளுத்திக்கொள்ளலாம். ஆசிரியரை இவ்வாறு நினைத்துப் பழகியவர்களுக்கு அவர் தீர்ந்துபோவது ஒரு குறையாகத் தோன்றாது, பெருமையாகவே தோன்றும். நம் வீட்டு விளக்கோ அத்தன்மையதன்று. அதற்கு எண்ணெய் வார்க்கின்றோம், திரி தூண்டுகின்றோம், வேண்டாத பொழுதில் நூர்த்து வைக்கின்றோம், வெள்ளிக்கிழமை வருமுன் புளியிட்டுத் துலக்குகின்றோம். ஒரே விளக்கு மூன்று தலைமுறைக்கு எரிகின்றது.

தமிழிலக்கணகாரர் ஆசிரியருக்கு உவமை தேடாதவர் அல்லர். 13 ஆம் நூற்றாண்டிலே சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நான்கு உவமை சொல்கின்றார்: நிலம், மலை, துலாக்கோல், மலர். இந்நான்கனுள் ஒன்றாவது தன்னை அழித்துக்கொண்டு பிறர்க்குப் பயன்படும் பொருளன்று. நிலம் பொறுமைக்கு உவமை என்பது எல்லார்க்குந் தெரியும். நிலத்தைப் பற்றி முனிவர் கூறும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பருவத்துக்கும் உழைப்புக்கும் ஏற்ற அளவிலே அது விளைவு கொடுக்கும் என்கின்றார். பருவந் தப்பி, எருவும் இடாது, போகத்தின்மேற் போகமாக விளைவு கேட்பவனுக்கு நிலம் எதைக் கொடுக்கும் என்பதை வலிகாமத்துத் தோட்டக்காரரைக் கேட்டாற் சொல்வர்.

மலை வறட்சியிலும் வளந் தரும் என்று அவரே சொல்லியிருக்கின்றாரே, அதற்கு என்ன சொல்கின்றீர்கள் ஐயா என்று ஒரு மாணவன் வகுப்பிலே கேட்டான். நல்ல வினா. மலை கோடையிற் சுனைநீர் கொடுப்பது மாரியிலே நீரை உள்வாங்கி வைத்திருப்பதனால். மரமெல்லாம் வெட்டி, பெய்த நீர் முழுவதும் அன்றன்றே ஓடிவிடும்படி மொட்டையாக்கிய மலையிற் கோடைச்சுனை இராது. ஆசிரியருக்கும் ஒரு மாரிகாலம் வேண்டும். அவர் படிக்கும் நேரமும், சும்மா இருக்கும் நேரமும் அந்த மாரி.

பாடஞ் சொல்லும் முறையை வகுக்கும் இடத்திலே முனிவர் இன்னும் ஒருபடி இறங்கி வந்து பேசுகின்றார். காலமும் இடமும் பார்த்தல் வேண்டும், சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளல் வேண்டும், அவசரம் ஆகாது, சினம் ஆகாது, விருப்பம் வேண்டும், முகத்தில் மலர்ச்சி வேண்டும், மாணவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து அவ்வாறு கொடுத்தல் வேண்டும். இச்சூத்திரத்தை முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிராசீன பாடசாலையிலே பாடஞ் சொல்லி வருகின்றேன். பரீட்சைக்கு வருவது, ஆகையால் மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். இதனை ஆசிரியரின் கடமைகளைக் கூறுவதென்றே எல்லாரும் படிக்கின்றோம். எனக்கோ இஃது ஆசிரியருக்கு எவை கிடைத்திருத்தல் வேண்டும் என்பதைக் கூறுவதாகவுந் தோன்றுகின்றது. முகமலர்ச்சியைச் சுற்றுநிருபம் அனுப்பி வருவிக்க முடியாது. உறங்கி எழுந்தவன் முகமே மலரும். அவசரமின்மையும் குணம் மாத்திரமன்று. நேரம் இல்லாதவிடத்து அக்குணம் நிற்பதற்கு இடமில்லை. பள்ளி என்னுஞ் சொல் கல்விச்சாலைக்கும் படுக்கைக்கும் பொதுவாய் நிற்பதை எடுத்துக்காட்டி, வகுப்பிலே தூங்கும் மாணவர் தமக்கு இலக்கண ஆதரவு தேடுவதுண்டு. அவ்வாதரவிற் சிறிது ஆசிரியருக்குங் கிடைக்கட்டும்.

தீய ஆசிரியருக்கு முனிவர் கூறும் உவமைகளும் இங்கே நினைக்கத்தக்கன. கழற்காய் பெய்த குடம் ஒன்று. போட்ட முறையில் வாராது, கவிழ்த்தால் தாறுமாறாகக் கொட்டும். பஞ்சடைத்த குண்டிகை மற்றொன்று. வருந்திச் சிறிது சிறிதாக அடைத்ததை வருந்திச் சிறிது சிறிதாகவே எடுக்கவேண்டும். இவ்விருவரும் பிறவியிலே தீயவர்கள் என்று யான் எண்ணவில்லை. இரவு பதினொரு மணிவரை விடைத்தாள் திருத்தியவர் காலையிலே கழற்குடமாகத்தான் வருவர். ஐந்தாண்டு ஒரு புதிய நூலையுந் தொடாதவர் பஞ்சுக்குண்டிகையாகாது வேறென்னாவர்?

இந்நிலைக்கு ஆங்கிலத்திலே எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் ஒரு பெயர் வழங்குகின்றது. அமெரிக்க உளமருத்துவ அறிஞர் ஹேர்பேட் புரொய்டன்பேகர் என்பவர் 1974 ஆம் ஆண்டிலே அதனை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையிற் கையாண்டார். அவர் இதனைக் கண்டது சோம்பேறிகளிடத்தன்று. நியூயோர்க் நகரத்து இலவச மருத்துவ நிலையம் ஒன்றிலே, தொண்டென்று கருதி இரவும் பகலும் உழைத்தவரிடத்திற் கண்டார். அவர்களுள் ஒருவராகிய தம்மிடத்துங் கண்டார். அக்கறை மிகுந்தவரே முதலில் எரிகின்றனர் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தன் நோய் வகைப்பாட்டு நூலிலே சேர்த்தது. நோயென்று அன்று, தொழிலாற் கூடும் ஒரு நிலையென்று. அதற்கு மூன்று அடையாளங்களும் கூறிற்று: வலிமை வற்றிப்போதல், செய்யுந் தொழிலில் மனம் விலகி வெறுப்படைதல், செய்வது பயன்படாது குறைதல். இம்மூன்றையும் நன்னூற் சூத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விருப்பம் இருந்த இடத்தில் வெறுப்பு. மலர்ந்த முகம் இருந்த இடத்தில் வற்றிய முகம். மாணவன் உள்ளங் கொள்ளும்படி கொடுத்தல் இருந்த இடத்தில் ஒன்றுங் கொள்ளப்படாமை. எழுநூறு ஆண்டுக்கு முன் வேண்டுமென்று விதித்தவை எவையோ அவையே இன்று இல்லையென்று எண்ணப்படுகின்றன.

நம் பகுதி ஆசிரியை ஒருவரின் நாளை எடுத்துக்கொள்வோம். பலர் சொல்லக் கேட்டவற்றை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கின்றேன். வீடு யாழ்ப்பாணத்தில், பாடசாலை கிளிநொச்சிக்கும் அப்பால். நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, பொதி கட்டி, பிள்ளைகளைத் தாயாரிடம் ஒப்புவித்து, விடியுமுன்னே பேருந்துக்காக வீதியில் நிற்கின்றார். நெடுந்தீவுக்குப் போகிறவராயின் பேருந்துக்குப் பின் குறிகட்டுவான் துறையிலே படகும் ஏற வேண்டும். கடலுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு அதிபரின் கோபமும் உண்டு. ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகின்றது, ஒன்றரைக்கு முடிகின்றது. அவர் வீடு வந்து சேரும்போது நாலு மணி. அதன்பின்னரே அவருடைய வீட்டு வேலை தொடங்குகின்றது. அதுவும் முடிந்தபின் கொப்பிக் கட்டு அவிழ்க்கப்படுகின்றது.

இந்தக் கொப்பிக் கட்டைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வேன். தமிழாசிரியர் ஒருவருக்கு ஐந்து வகுப்பு. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுவித்தால் இருநூறு கட்டுரை. ஒரு கட்டுரையைப் படித்து, எழுத்துப்பிழையுஞ் சந்திப்பிழையுங் குறித்து, பிள்ளைக்குப் பயன்படும்படி ஒரு வரி எழுதுவதற்கு ஐந்து நிமிடம் என்று கொள்வோம். ஐந்து நிமிடம் மிகக் குறைவு. ஆயிரம் நிமிடம் ஆகின்றது. பதினாறு மணி நாற்பது நிமிடம். இதற்கு நேரசூசியில் ஒரு பாடவேளையும் இல்லை. ஆகவே மூன்று வழிகளில் ஒன்றே அவருக்கு உண்டு. பதினாறு மணியைத் தம் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். படியாது சிவப்பு மையாற் சரி போடலாம். கட்டுரை எழுதுவிப்பதையே விட்டுவிடலாம். மூன்றாவது வழியிற் பலர் செல்கின்றனர். பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு ஒரு பக்கம் பிழையின்றி எழுத வரவில்லையே என்று நாம் மேடைகளில் இரங்குவதற்குக் காரணங்களுள் ஒன்று இங்கே கிடக்கின்றது.

கற்பித்தலோடு ஒட்டாத வேலைகளோ தனி. வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீடு, அவற்றின் பிரதி, பிரதியின் தொகுப்பு. மழை பெய்தால் நுளம்புப் பரிசோதனை. முதலாந் தவணையிலே இல்ல மெய்வல்லுநர் போட்டி. பின்பு தமிழ்மொழித் தினப் போட்டிகள், பரிசளிப்பு விழா. போட்டிகளை யான் குறைசொல்லேன். அவற்றினாலே பேச்சாளரும் புலவரும் வந்திருக்கின்றனர். ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் மூன்று மேசைக்கு எழுதியனுப்புவதனால் எவரேனும் வந்ததாக அறியேன்.

ஆசிரியருக்கென்ன, அரைநாள் வேலை, ஆண்டுக்கு மூன்று விடுமுறை என்று சொல்பவர்கள் நம் ஊரில் மிகப் பலர். படித்தவர்களும் அப்படிச் சொல்வதுதான் வியப்பு. 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆந் திகதி பாரிசிலே நாடுகள் கூடி, ஆசிரியர் தகைமை பற்றிய பரிந்துரை ஒன்றை நிறைவேற்றின. உலக ஆசிரியர் தினம் அந்நாளிற் கொண்டாடப்படுவதற்குக் காரணமே அதுதான். ஆசிரியரின் வேலைநேரத்தை வகுக்கும்போது, மாணவர் தொகை, பாடத்தை ஆயத்தஞ் செய்வதற்கும் எழுதியதை மதிப்பிடுவதற்கும் வேண்டிய நேரம், ஆராய்ச்சிக்கும் பெற்றோரோடு பேசுவதற்கும் வேண்டிய நேரம் எல்லாவற்றையுங் கணக்கிற் கொள்ளவேண்டுமென்று அதிலே தெளிவாய்ச் சொல்லப்பட்டிருக்கின்றது. வகுப்பில் நிற்கும் நேரம் மாத்திரமே வேலையன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டு அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று. நாம் அந்நாளைக் கொண்டாடுகின்றோம். அந்நாளில் எழுதப்பட்டது எது என்று கேட்பார் இல்லை.

2021 ஆம் ஆண்டு ஜூலை 12 இல் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி, மூன்று திங்களுக்கு மேலாகப் பணிவிலகி நின்றனர். சம்பள முரண்பாடே முதன்மைக் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. கால் நூற்றாண்டாகத் தீராதிருந்தது. ஆயினும் அக்காலத்திலே நேரத்தைப் பற்றிய பேச்சை யான் அதிகங் கேட்கவில்லை. சம்பளங் கூடினால் அரிசி வாங்கலாம். மாலைப்பொழுதை வாங்க முடியாது.

மாலைப்பொழுது போன கதை வேறு. 2020 மார்ச்சு மாதத்திலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசி வகுப்பறையாயிற்று. வேறு வழி இருக்கவில்லை. ஆசிரியர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு இணைய வசதி பெற்று, வேப்பமரத்தின்கீழும் மொட்டைமாடியிலும் அலைவரிசை தேடி நின்று பாடஞ் சொன்னார்கள். அதனை மறத்தலாகாது. பின்னர்ப் பாடசாலைகள் திறந்தன. கைத்தொலைபேசியிலே திறந்த வகுப்பறை மாத்திரம் இன்றுவரை மூடப்படவில்லை. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் ஒரு தாயார், நாளைக்குச் சித்திரக் கொப்பி கொண்டுவர வேண்டுமா என்று கேட்கின்றார். பத்தேகாலுக்கு, காலை எட்டு மணிக்குள் ஒரு விவரம் வேண்டுமென்று பணிமனையிலிருந்து செய்தி வருகின்றது. பத்தரைக்கு அதிபர் அதனை ஒருமுறை நினைவூட்டுகின்றார். மூவருங் கெட்டவர்கள் அல்லர். ஆசிரியர் வீட்டுக்கு ஒரு கதவு உண்டென்பது மூவருக்கும் மறந்துவிட்டது.

நம் ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆடவராகிய நாங்கள் களைத்து வீடு வந்தால் ஒரு கோப்பை தேநீரோடு சாய்மனைக் கதிரையைக் கேட்போம். ஆசிரியை வீடு வந்தால் அடுப்பு அவரைக் கேட்கும். பிறர் பிள்ளைகள் நாற்பது பேருக்கு அகரம் எழுதுவித்த கை, தம் பிள்ளைக்கு எழுதுவிக்கும்போது நடுங்குகின்றது. பொறுமை முழுவதும் பகலிலே செலவாகிவிட்டது. 'ரீச்சரின் பிள்ளையாய் இருந்தும் படிப்பில்லை' என்று அயல் சொல்லும். அச்சொல்லைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் நாலு மணிக்கு எழுந்திருக்கின்ற பலரை யான் அறிவேன். ஆசிரியர் தினத்து மாலை அவர்களுக்கு எதற்கு?

இதையெல்லாஞ் சொன்னால், நாவலரைப் பாருங்கள் என்பர் நம் சான்றோர். ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு பார்சிவல் பாதிரியாரிடம் பார்த்த ஆசிரிய உத்தியோகத்தை விட்டு வெளியேறி, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சம்பளத்தை நோக்கவில்லை, ஓய்வை நோக்கவில்லை. உண்மை. அவருக்கு முன் நாம் எம்மாத்திரம்? ஆனாற் சான்றோர் இரண்டை மறந்துவிடுகின்றனர். நாவலர் இல்லறம் புகாதவர். அவருடைய நேரத்தை அவரிடங் கேட்பதற்கு மனைவியும் மக்களும் இருக்கவில்லை. மற்றது, அவர் செய்த வேலை அவரே தேர்ந்த வேலை. எந்நூலை அச்சிடுவது, எவ்வகுப்பில் எதைப் படிப்பிப்பது என்பதைப் படிவம் வந்து அவருக்குச் சொல்லவில்லை. தாம் விரும்பியதை இரவு பகலாகச் செய்பவர் களைப்பதும், தம்மேற் சுமத்தப்பட்டதைச் செய்பவர் களைப்பதும் ஒன்றல்ல. யாழ் நூலை 1947 இல் அரங்கேற்றிச் சில வாரங்களுள் மறைந்த விபுலாநந்த அடிகளாரும் துறவி. நாவலரும் அடிகளாரும் அறுபது வயது காணவில்லை. அவர்கள் வயதை ஒட்டி நிற்கின்ற எனக்கு இச்செய்தி தியாகத்தின் பெருமையை மாத்திரஞ் சொல்லவில்லை.

இல்லறத்தாருள் ஒருவரைக் காட்டட்டுமா? உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணத்து அரசினர் கல்லூரியிலே தமிழாசிரியர். சீவகசிந்தாமணி 1887 இலும், பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் வெளிவந்தன. நான்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மிச்சநேரத்தில் விளைந்தவை. வகுப்பு முடிந்தபின் அவருக்குச் சுவடி புரட்ட ஒரு மாலையும் ஓரிரவும் விடுமுறைகளும் எஞ்சியிருந்தன. அந்த மிச்சநேரம் அவருக்கு இல்லாதிருந்தால், இன்று நாம் கற்பிப்பதற்குப் பாதி இலக்கியம் ஏட்டோடு இற்றுப்போயிருக்கலாம். ஆசிரியரின் ஓய்வை வீண்பொழுது என்பவர்கள் தமிழின் கடனை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம்மவர் களைப்பு முழுவதும் பிறர் தந்ததென்று சொல்லி ஆசிரியர்களைத் திருப்திப்படுத்த யான் முன்வரவில்லை. மாலையிலுஞ் சனி ஞாயிறிலும் தனியார் கல்வி நிலையங்களிலே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, திங்கட்கிழமை பாடசாலைக் கதிரையிலே இளைப்பாறுகின்றவர்கள் இருக்கின்றனர். சம்பளம் போதாமையால் ஒரு வகுப்புக்குப் போகிறவரை யான் குறைகூறேன். 2022 இல் அரிசி விலையும் எரிபொருள் வரிசையும் எவரை எங்கே துரத்தின என்பதை எல்லாரும் அறிவோம். வீடு கட்டி முடிந்தபின் மேல்மாடிக்காகப் போகிறவர் தம் களைப்பை ஆசிரியக் களைப்பென்று சொல்லலாகாது. அவர் பெயரால் மற்றவர்களுக்கும் இரக்கம் மறுக்கப்படுகின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டைப் பறித்தெடுக்கும் பெற்றோரும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி. எரிவது ஆசிரியர் மாத்திரமன்று.

என்னிடம் யாப்பருங்கலக்காரிகை பாடங் கேட்ட மாணாக்கர் ஒருவர் இருந்தார். வெண்பாவை விளையாட்டாகக் கட்டுவார். ஓசை பிழைத்தால் அவருக்குப் பல் கூசும். ஆசிரிய நியமனம் பெற்று ஏழாண்டு தூரத்துப் பாடசாலையிற் படிப்பித்தார். அவ்வேழாண்டில் ஒரு பாட்டும் எழுதவில்லை. என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார். 2022 ஆம் ஆண்டிலே அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையிலே வெளிநாடு செல்லலாமென்று அறிவித்தல் வந்தபோது அவரும் போய்விட்டார். அங்கே ஒரு பண்டகசாலையிலே பெட்டி எண்ணுகின்றார். சென்ற தைமாதம் கடிதம் எழுதியிருந்தார். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிகின்றதாம். அதன்பின் ஒருவரும் அழைப்பதில்லையாம். கம்பராமாயணத்திலே மீண்டும் பாலகாண்டத்திலிருந்து தொடங்கி அயோத்தியா காண்டத்துக்கு வந்துவிட்டாராம். கடிதத்தின் அடியில் ஒரு வெண்பாவும் இருந்தது. தளை தட்டவில்லை. பெட்டி எண்ணுகிறவருக்குக் கம்பனைப் படிக்க நேரம் இருக்கின்றது. கம்பனைப் படிப்பிக்கிறவருக்கு இல்லை. இக்கணக்கை எந்தப் பணிமனை சரிபார்க்கும்?

நன்னூலிலே தீயும் ஓரிடத்தில் வருகின்றது. ஆசிரியர் எரிந்து தீர்வதற்கன்று. மாணவன் ஆசிரியரிடத்துக் குளிர்காய்வான்போல, விட்டு நீங்காமலும் மிக நெருங்காமலும் நிற்றல் வேண்டும் என்று முனிவர் அளவு சொல்கின்றார். நிழல்போல் நீங்காதிருத்தலையும் உடன் கூறுகின்றாரே எனின், அது நெஞ்சத்தின் நெருக்கம். முன்னையது ஒழுகும் அளவு. இவ்வளவை மாணவனுக்கு மாத்திரமன்று, பெற்றோருக்கும் பணிமனைக்கும் அதிபருக்குஞ் சேர்த்து வகுத்ததாக யான் பொருள் கொள்கின்றேன். உரையாசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

இதனை அடிப்படையாக வைத்துச் சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் ஆசிரியர் கூடிப் பேசினோம். பெரிய சீர்திருத்தம் ஒன்றையும் நாங்கள் எண்ணவில்லை. அதற்கு எங்களுக்கு அதிகாரமும் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பின் பாடசாலைச் செய்திகளுக்கு மறுமொழி இல்லை என்று பெற்றோருக்கு எழுதியனுப்பினோம். வாரத்தில் ஒரு பாடவேளையை ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாசிப்புக்கென்று ஒதுக்கி, அவ்வேளையில் அவரை வேறு வகுப்புக்கு அழைப்பதில்லை என்று அதிபர் ஒப்புக்கொண்டார். கட்டுரைகளை வாரத்துக்கு ஒரு வகுப்பாக முறைவைத்துத் திருத்துகின்றோம். பிள்ளைக்கு ஐந்து வாரத்துக்கு ஒன்றுதான் திரும்புகின்றது, ஆனால் முழுவதும் படிக்கப்பட்டுத் திரும்புகின்றது. முதல் வாரத்திலே பெற்றோர் இருவர் கோபித்து அதிபரிடம் முறையிட்டனர். அவர்களுள் ஒருவர் இப்போது காலை ஏழு மணிக்கே வாயிலில் வந்து நிற்கின்றார். மகனைப் பற்றி ஐந்து நிமிடம் நேரிற் பேசிவிட்டுப் போகின்றார். மற்றவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கின்றார்.